பதினாறு வெள்ளை

பகலில் நான் பல் செய்கிறேன்.
பீல் நகரின் ரயிலடிக்குப் பின்னே
இரண்டாம் மாடியில் கூடம்,
யன்னலோரம் என் மேசை.
யாரோ ஒரு கெர்பர் அம்மாவின் முன்பல்
இன்று என் இடுக்கியில்.

வெள்ளை, எங்களுக்குப் பதினாறு வகை.
ஏ ஒன்று, ஏ இரண்டு, பி மூன்று…
கோப்பி குடித்த வெள்ளை,
சிகரெட் விட்டு ஐந்து வருடமான வெள்ளை,
பக்கத்துப் பல்லோடு சண்டை பிடிக்காத வெள்ளை.
மில்லிமீற்றரைப் பத்தாய்ப் பிரித்து
அதில் ஒன்று பிசகினாலும்
நாக்கு கண்டுபிடித்துவிடும்.
இருபத்திரண்டு வருடம்.
கனவிலும் அளவெடுக்கிறேன்.

நாற்பத்தொன்பதாம் பிறந்தநாளுக்கு
எனக்கு நானே வாங்கியது
பன்னிரண்டு நிறப் பெட்டி,
ஒவ்வொன்றும் ஒரு டொபி அளவு.
"இதில வெள்ளையைக் காணேல்லையே" என்று
கடைப் பெடியனிடம் கேட்டேன்.
"அது தாளிலேயே இருக்கு" என்று
மிச்சக் காசைத் தந்தான்.

"என்னத்துக்கு?" என்றான் குணாளன்.
விற்கவா, கண்காட்சி வைக்கவா,
சேர்ட்டிபிக்கற் தருவினமா?
கராத்தே, வயலின், கணக்கு என்று
பிள்ளைகளை ஏற்றி இறக்கிய வீடு இது.
முடிவில் ஒரு பட்டியோ மேடையோ இல்லாத வகுப்பு
எங்களுக்குத் தெரியாது.
"சும்மா" என்றேன்.
அந்தச் சொல்லைச் சொல்லி
எவ்வளவு காலம்.

முதல் மாதம்
என் ஏரி பலகையாய்க் கிடந்தது.
ஜூரா மலை ஒரு கடைவாய்ப் பல்.
ஈரம் பரவுமுன் துடைத்துத் துடைத்து
தாளுக்குத் தோல் உரிந்தது.
"பொலிஷ் போடுகிறாய்" என்று
புதன்கிழமைக் கூட்டாளிகள் சிரித்தார்கள்,
வெரேனாவும் ஆய்சேயும்.
நானும் சிரித்தேன்.
துடைப்பதை மட்டும் விடவில்லை.

தை மாதம், சனிக்கிழமை, த்வான் கரை.
மறை ஆறு.
பிஸ் காற்று
திராட்சைத் தோட்டத்தின் மொட்டைக் கழிகளில்
விசிலடித்துக்கொண்டிருந்தது.
வெரேனா தன் தண்ணீர்ப் போத்தலில்
கிர்ஷ் சாராயம் கலந்தாள், உறையாதாம்.
பாதி தூரிகைக்கு, பாதி அவளுக்கு.
நான் தேத்தண்ணிக்காரி.
என் குவளையில் வெறும் தண்ணீர்.

நீலத்தை அகலமாய்ப் பூசிவிட்டு
விரலை ஊதி நிமிர்ந்தால்
தாளில் என்னவோ வளர்கிறது.
ஓரத்தில் முளைத்து,
கிளைத்து, கிளையிலும் கிளைத்து,
நிறத்தைத் தள்ளி ஒதுக்கிக்கொண்டு
பன்னத் தழைபோல் பனி.
தூரிகையைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றேன்.
செய்வதற்கு ஒன்றுமில்லை.
நீலம் விலகிய இடங்களில் வெள்ளை.
அது எந்த இலக்கம் என்று
கண் பழக்கதோஷத்தில் தேடியது,
பிறகு விட்டுவிட்டது.

"படம் எடு, படம் எடு" என்றாள் ஆய்சே.
கைபேசி குளிரில் செத்துப்போயிருந்தது.

திரும்பும் ரயிலில்
இருக்கைக்கடியில் ஹீற்றர்.
மடியில் தாள்.
தூஷெர்ட்ஸ் வருமுன்னே பன்னம் தளர்ந்தது.
கிளைகள் கரைந்து
நீலம் ஒரு குளமாய்க் கூடி
ஓரத்தால் வழிந்து
என் வெளிர் காற்சட்டையில் இறங்கியது.
எதிரே பனிச்சறுக்குப் பலகையோடு இருந்தவன்
கடதாசிக் கைக்குட்டை நீட்டினான்.
வாங்கி மூக்கைத் துடைத்தேன்.
தாளைத் துடைக்கவில்லை.

குணாளன் தாளைப் பார்த்தான்,
பிறகு காற்சட்டையைப் பார்த்தான்.
"என்னது?"
"ஏரி."
"எது?"
யோசித்துப் பார்த்தேன்.
காற்சட்டையில் இருந்ததுதான்
கொஞ்சம் அசைந்தது.

திங்கள் காலை மறுபடி பல்.
ஏ மூன்று, ஒரு பேக்கரிக்காரரின் கோரை.
பிசகாமல் முடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு
வானிலையைப் பார்த்தேன்.
சனிக்கிழமை: மறை எட்டு.
வெரேனாவுக்கு எழுதினேன்:
கிர்ஷை நீ குடி,
தண்ணீரில் ஊற்றாதே.